திருப்பிக் காட்டாத காசு

உன்னைக் கொன்றது கம்பெனி. கொன்ற பிறகு பழியையும் உன் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டது.

இன்று காலை ஆனைக்குட்டம் அணையின் வற்றிய கரையில் நம் கீச்சான் கத்தியது. பழைய மின்விசிறியின் செம்புக் கம்பியைச் சுற்றி நாம் சேர்ந்து செய்த உலோகம் தேடும் கருவிக்கு நீ வைத்த பெயர் அது. நீ போன பிறகு இன்றுதான் அதை வெளியே எடுத்தேன். ஒரு சாண் ஆழத்தில் ஒரு காசு கிடந்தது. கரித்துண்டு போலக் கறுத்திருந்தது. தண்ணீர் ஊற்றியதும் கிரீடம் வைத்த ராஜாவின் தலை தெரிந்தது. தேய்க்கப் போன என் கட்டைவிரல் தானாக நின்றுவிட்டது.

"உரசாதலே" என்பாய் நீ.

முதல் காசு கிடைத்த அன்று புளியும் சாம்பலும் போட்டு அதைப் பளபளப்பாக்க உட்கார்ந்தேன். பிடுங்கிக்கொண்டாய். "அங்கன உரசுனா ஆளு போச்சு, இங்கன உரசுனா காசு போச்சு" என்று சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை உனக்கு. சைக்கிள் சாவியைக்கூட கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவாய். சின்ன வயதில் அம்மா இடுப்பில் கட்டிவிட்ட தாயத்தையும் வேலைக்குச் சேர்ந்த அன்றே கழற்றிவிட்டாய். நாம் காசு தேடும் ஞாயிற்றுக்கிழமையிலும் உன் கை அந்த அறைக்குள்தான் இருந்தது. பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டால் உன் முகம் சுருங்கும்.

காசை விளிம்பில்தான் பிடிப்பாய். உடைந்த ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தை முதலில் காட்டுவாய். ஒருமுறை வெள்ளை வெளேரென்று புலி போட்ட காசு கிடைத்து நான் குதித்தபோது அது காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டது. "புலி மாட்டிக்கிருச்சு. நிக்கல் காசுலே அது. வெள்ளி காந்தத்த மதிக்காது." அடுத்து விளிம்பில் வரிகள் இருக்கின்றனவா என்று நகத்தால் தொட்டுப் பார்ப்பாய். கடைசியில் பின்பக்கம். வருடமும் மதிப்பும் அங்கேதான் இருக்கும். "மூஞ்சியப் பாத்து மயங்காத, திருப்பிப் பாரு" என்பாய்.

நீ போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நீ காசைப் பற்றிப் பேசவே இல்லை. "உரசாம இருக்கக் கீழ விரிச்ச ரப்பர் கிழிஞ்சு ரொம்ப நாளாச்சு. கேட்டா சீசன் முடியட்டும்ங்காக. ஆர்டர் நெறைய இருக்காம், அதே ரூமுல இன்னும் ஆள ஏத்திட்டாக" என்றாய். நான் வேலையை விடச் சொன்னேன். "விட்டுட்டு? ஒங்க பிரஸ்ஸுல காலண்டருக்கு ஓட்டை போடவா?" என்றாய்.

சீசன் முடியவில்லை. நீ முடிந்துபோனாய். அதே அறையில் நம் தெரு செல்வி மதினியின் வீட்டுக்காரரும்.

செய்தித்தாளில் வழக்கமான அந்தச் சொல் வந்தது: உராய்வு. எந்த ஆலை வெடித்தாலும் அதுதான். எது எதோடு உரசியது, யார் உரச விட்டார்கள் என்று அடுத்த வரி வருவதே இல்லை. உனக்கு மட்டும் அடுத்த வரியையும் தயாராக வைத்திருந்தார்கள். சமுதாயக் கூடத்தில் ஊர் கூடியிருந்தபோது ஃபோர்மேன் ஒரு காசை விரல்களுக்கு நடுவில் தூக்கிப் பிடித்தார்.

"வெள்ளிக்காசு. அவன் பையில கெடந்தது. காசு பொறுக்குற பயதான? இது உரசித்தான் பத்தியிருக்கு."

அவருடைய கட்டைவிரல் காசின் முகத்தை மறைத்திருந்தது. அடியில் ஒரு தாமரை இதழ் தெரிந்தது. விளிம்பு வரியில்லாமல் மொழுமொழுவென்று இருந்தது. கந்தகப் புகையில் அறையே கரியாகியிருக்க, அந்தக் காசு மட்டும் கடையில் இருந்து வந்தது போல மின்னியது. "கொடுங்க, பாக்கேன்" என்று கை நீட்டினேன். பையில் போட்டுக்கொண்டார்.

செல்வி மதினி உன் அம்மாவிடம் நேராகவே கேட்டாள். "ஒங்க மகன் காசு பொறுக்குனதுக்கு எம் புருசன் எரியணுமா?" அதற்குப் பிறகு கம்பெனி வேனில் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இப்போது அவர் அந்த வேலையை விட்டுவிட்டுத் தீப்பெட்டி செய்யும் ஆபீசுக்கு நடந்து போகிறார். வேன் கடக்கும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார். தூசிக்காக என்கிறார்.

போன மாதம் எங்கள் அச்சகத்துக்கு உன் கம்பெனியின் ஆர்டர் வந்தது. ஆயுதபூஜைக்கு ஏஜெண்டுகளுக்குக் கொடுக்கும் வெள்ளிக்காசை வைக்க அட்டைப்பெட்டி. அளவு பார்க்க போன வருடக் காசு ஒன்றை அனுப்பியிருந்தார்கள். மொழுமொழு விளிம்பு. தாமரை மேல் லட்சுமி. திருப்பினேன். பின்னால் கம்பெனி முத்திரை. உன்னைப் போன்றவர்களுக்கு அந்தக் காசை அவர்கள் கொடுத்ததே இல்லை. உங்களுக்கெல்லாம் காராச்சேவுப் பொட்டலமும் ஒரு பெட்டி வெடியும்தான்.

அதனால்தான் இன்று காலை கறுத்த காசு கிடைத்ததும் கை மண்ணைக்கூடக் கழுவாமல் வேன் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஃபோர்மேன் பைக்கில் சாய்ந்தபடி வேனில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். கறுத்த காசை நீட்டினேன்.

"மண்ணுல கெடந்த வெள்ளி இப்படித்தான் அண்ணாச்சி இருக்கும். நீங்க காட்டுனது எப்படி மின்னுச்சு?"

"கேஸெல்லாம் முடிஞ்சு போச்சு தம்பி. ஒனக்குப் பிரஸ்ஸுல வேலை வேணுமா, வேண்டாமா?"

வேன் படியில் ஒரு காலை வைத்திருந்த செல்வி மதினி இறங்கி வந்தாள். காசை வாங்கினாள். உன்னைப் போலவே திருப்பிப் பார்த்தாள். அப்புறம் குனிந்து தன் கொலுசைப் பார்த்தாள்.

"அவுக சட்டையத் தொவச்ச தண்ணி பட்டே இது கறுத்துப் போச்சு" என்றாள். "அம்புட்டு மருந்துக்குள்ள கெடந்த காசு எப்படி அண்ணாச்சி வெளுப்பா இருந்துச்சு?"

அவர் பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்தார். வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். மதினி ஏறவில்லை. அவள் கேட்டபோது வேலைக்கு நடந்து போகும் வழியில் உன் அம்மா கொஞ்சம் தள்ளி, முந்தானையை முகத்தில் இருந்து எடுத்துவிட்டு நின்றிருந்தார்.

உன் காந்தமும் இந்தக் கறுத்த காசும் என் பையில் இருக்கின்றன. காசை உரச மாட்டேன். நாளைக்கும் அதே இடத்துக்குப் போய், பைக் கிளம்பும்போது மதினி கடைசியாகக் கேட்டதையே நானும் கேட்பேன்.

"அந்தக் காச எடுங்க அண்ணாச்சி. எங்க கண்ணு முன்னால திருப்பிக் காட்டுங்க."

இன்று பைக் போய்விட்டது.