நின்ற வண்டி குடித்த பெட்ரோல்

மேலகரம்,
ஆடி 27, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் முதல் தாளை ஆரம்பித்தேன். மூன்று வருஷமாக நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காதவனுக்கு இப்போது என்ன ஆவல் என்று எனக்கே கூச்சமாகிவிட்டது, கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது தாள். இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள், சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாள். என் இடது முழங்கால் ஆபரேஷன் ஆறிவிட்டது, படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் முனகும். இந்த வருஷம் சாரலுக்குக் குறைவில்லை, துணி காய மூன்று நாள் ஆகிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த ஆக்லாந்துக் குளிரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க இலஞ்சிக் குமரன் துணை நிற்கட்டும். மாப்பிள்ளை என்று எழுதியிருக்கிறேன், பார்த்தாயா? கை தவறி எழுதியதில்லை. உறையின் மேலும் அனூப் பெயரை உன் பெயரோடு சேர்த்துத்தான் எழுதப் போகிறேன்.

மாசி மாதத்துக்குப் பிறகு அம்மா ஏன் உன்னைக் கூப்பிடவில்லை என்று நீ என்னவெல்லாம் நினைத்தாயோ. கொஞ்ச நாள் பேச முடியாது என்று ஒரே ஒரு வரி அனுப்பியதாகச் சொன்னாள். பெற்றவளும் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்திருந்தால் அதை மனசிலிருந்து எடுத்துவிடு. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பெல்லாம் என் மேலும், நம் வெள்ளைக் காரின் மைலேஜைப் பற்றி எனக்கிருந்த கிறுக்கின் மேலும்தான். சிரிக்காதே, முழுவதையும் படி.

உனக்குத் தெரியும், ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியவன் நான். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை லிட்டர் குடித்தது என்று எழுதாமல் ஒரு நாளும் சாவியைத் திருப்பிக் கொடுத்ததில்லை. ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. எப்போதும் ஒரே பெட்ரோல் பங்க்கில், ஒரே குழாயில், தானாக நிற்கும் வரை டேங்க்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை விட்ட லிட்டரால் வகுத்து டைரியில் எழுதிவிடுவேன். நீ பத்தாவது படிக்கும்போது அப்பா எனக்கு மார்க் எழுதியதை விடக் காருக்கு எழுதிய மார்க்தான் அதிகம் என்று கேலி செய்வாய். போன வருஷம் ஆனி வரைக்கும் லிட்டருக்குப் பதினேழு. ஒன்று கூடும், அரை குறையும், அவ்வளவுதான். ஆனியில் முழங்கால் ஆபரேஷன், ஆறு மாதத்துக்குக் கிளட்ச்சை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இலஞ்சியில் இருக்கும் பேச்சிமுத்துவை வண்டி ஓட்ட வைத்தேன். முன்னே லாரி ஓட்டியவன், நாற்பது வயது, வாய் திறக்காத ஆள். அவன் வந்தது ஆவணியில். ஆவணியில் பதினாறு. ஐப்பசியில் பதினாலரை. கார்த்திகையில் பதின்மூன்று. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். நானும் தீரத்தான் விசாரித்தேன், அதுதான் என் வயிற்றெரிச்சல். டயரில் காற்றுக் குறைந்தால் மைலேஜ் குறையும், வாரம் ஒரு தடவை காற்றுப் பார்த்தேன். ஏர் ஃபில்டரில் தூசி அடைந்தால் குறையும், புதுசு மாற்றினேன். பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் இறுகியிருந்தால் குறையும், நாலு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தேன். மெக்கானிக் இசக்கிப்பாண்டியிடம் கொண்டு போய் நிறுத்தினேன். அவன் பிளக்கைக் கழற்றித் துடைத்துவிட்டு, வண்டில ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி, இப்பம் வாற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, அதுக்குக் கொஞ்சம் கொறையும், ஆனா நாலு கொறையாது, வண்டி எங்கனயாவது நின்னுக்கிட்டே ஓடுதான்னு பாருங்க என்று சொன்னான். நின்று ஓட இது என்ன குற்றாலம் சீசனா, மழையே விட்டுப் போய்விட்டதே, மேலகரத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் எங்கே வண்டி நிற்கப் போகிறது என்று அவன் வாயை அடைத்துவிட்டேன். அன்றைக்கு அவன் சொன்னதை அரை நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம். வாரத்துக்கு நூற்றிருபது கிலோமீட்டர் ஓடுகிறது, ஏழு லிட்டர் போக வேண்டிய இடத்தில் ஒன்பது போகிறது, மீதி இரண்டு லிட்டர் எங்கே என்று உட்கார்ந்து யோசித்தேன். வண்டி சரி, டயர் சரி, பங்க் சரி, அப்படியானால் ஓட்டுகிறவன்தான் ட்யூப் போட்டு உறிஞ்சுகிறான் என்று முடிவு கட்டினேன். ராணுவத்தில் பார்க்காத பெட்ரோல் திருட்டா என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மாசியில் ஒரு காலையில் பேச்சிமுத்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தெருக்கோடிச் சுடலைமாடன் பீடத்துக்குக் கூட்டிப் போனேன். நம் பக்கம் திருட்டுப் பட்டம் வந்தால் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்வது உனக்குத் தெரியும். சூடத்தைக் கொளுத்தி வைத்தேன். அக்கம்பக்கத்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பெட்ரோல் எடுக்கவில்லை என்று மட்டும் சத்தியம் கேட்டிருந்தால் அவன் அந்த நிமிஷமே கையை வைத்து அணைத்திருப்பான். நான் கூறுகெட்டவன், பெரிய வக்கீல் மாதிரி கூட்டிக் கேட்டேன். பெட்ரோல் எடுக்கல, வண்டி சொன்ன எடத்தத் தவிர வேற எங்கயும் நிக்கல, ஒரு சொட்டும் வீணாப் போகல, மூணுக்கும் சேர்த்து அணைலே என்றேன். அவன் கையை நீட்டினான். சூடத்துக்கு மேலே வந்த கை அங்கேயே நின்றது. பிறகு கையை இழுத்துக்கொண்டான். மொதச் சத்தியம் பண்ணுதேன் அண்ணாச்சி, மத்ததுக்கு என்னால முடியாது என்றான். பாத்தீங்களா என்று நான் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். அவன் திரும்பி வந்து கார்ச் சாவியை நம் வாசல் படியில் வைத்துவிட்டு நடந்து போய்விட்டான். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்ததை நானும் பார்த்தேன், திருடனை வீட்டுக்குள் விட்டோமே என்ற பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து நானே ஓட்ட ஆரம்பித்தேன். பங்குனியில் டேங்க்கை நிரப்பிக் கணக்குப் போட்டால் பதினேழே கால். உனக்கு இதை எப்படிச் சொல்வேன், அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. டைரியைக் கொண்டுபோய் அடுப்படியில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தெருவில் பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். அவன் போனான், மைலேஜ் வந்தது, இதற்கு மேல் என்ன சாட்சி என்று கேட்டேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். உன் அம்மா மட்டும் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். சித்திரை முழுக்க, வைகாசி முழுக்க அப்படித்தான். செவ்வாய், வெள்ளி கோயிலுக்குக் கூட்டிப் போவேன், கும்பிடுவாள், வருவாள். ஒரு நாள் இலஞ்சிக் குளத்தங்கரையில் கொஞ்சம் நிறுத்தட்டுமா, காற்று நன்றாக இருக்கிறதே என்று கேட்டேன், வேண்டாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி விழுந்திருக்கும் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

ஆடி முதல் வாரம் சனிக்கிழமை குற்றாலநாதரைப் பார்க்க வேண்டும் என்றாள், கிளம்பினோம். சீசன் கூட்டம், வெளியூர் வண்டிகள், அசையவே இல்லை. முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றோம். சாரலில் கண்ணாடி மங்கியதால் ஏ.சி.யைப் போட்டேன். எனக்குப் பொறுக்கவில்லை, ஓடாமலே குடிக்குதே சனியன், இந்த டேங்க்கோட மைலேஜ் நாசமாப் போச்சு என்று புலம்பினேன். அம்மா வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள், நின்னாலும் குடிக்கும்னு உங்களுக்கு இப்பம்தான் தெரியுதாக்கும் என்று. அவ்வளவு நிதானமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வீட்டில் உன் பேச்சே கேட்கக் கூடாது என்று நான் போட்ட உத்தரவு, நாள் முழுக்க நான் முன்னறையிலேயே உட்கார்ந்திருப்பது, அதனால் கோயிலுக்குப் போகும் வழியில் குளத்தங்கரையில் வண்டியை நிறுத்தி உன்னோடு பேசியது. தெரிந்தவர்கள் நடந்து போகும் இடம் என்பதால் கண்ணாடியை ஏற்ற வேண்டும், கண்ணாடியை ஏற்றினால் புழுங்கும், அதனால் எஞ்ஜினும் ஏ.சி.யும் ஓடிக்கொண்டே இருக்கும். செவ்வாய் ஒரு மணி நேரம், வெள்ளி ஒரு மணி நேரம். பேச்சிமுத்து இறங்கி வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். நான் தேடிய இரண்டு லிட்டர் அதுதான், விழி. உன் குரலைக் கேட்க அவள் எரித்த பெட்ரோல்.

குழந்தைக்கு அருவி என்று பெயர் வைத்திருக்கிறாய் என்பதும், அருவிக்குப் போகிற ரோட்டில் நின்றுகொண்டுதான் எனக்குத் தெரிய வந்தது. குழந்தை போனில் ஆச்சி முகத்துக்குப் பின்னால் காரின் சீட்டையே பார்த்துப் பார்த்து, ஆச்சி வீடு ஆச்சி வீடு என்று ரோட்டில் போகிற கார்களையெல்லாம் காட்டுவாளாமே. அதைச் சொல்லும்போது அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நான் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டேன். முன்னால் வழி விட்டும் எனக்கு எடுக்கத் தோன்றவில்லை, பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

மறுநாளே பேச்சிமுத்துவைத் தேடிப் போனேன். தென்காசியில் ஒரு டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். அதற்கு முன்னால் இரண்டு இடத்தில் வேலை கேட்டுப் போயிருக்கிறான், என் பேச்சு அவனுக்கு முந்திப் போய் நின்றிருக்கிறது. ஏன்டா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா அக்காவுக்குப் பேசுத எடம் போயிருக்கும்லா அண்ணாச்சி என்றான். அவனைக் கூட்டிவந்து அதே பீடத்தில், அதே ஆட்கள் முன்னால் நான் சூடத்தைக் கொளுத்தி, இவன் மேல் சொன்னது அபாண்டம் என்று சொல்லி என் கையால் அணைத்தேன். உள்ளங்கை கொஞ்சம் கொப்பளித்தது, அது ஆறிவிட்டது. திரும்ப வேலைக்கு வா என்றேன். மனசு வரல அண்ணாச்சி, பாப்பா வாற அன்னைக்குச் சொல்லுங்க, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நம்ம வண்டிய நான் ஓட்டுதேன் என்று சொல்லிவிட்டுப் போனான். செங்கோட்டை தாண்டினால் மலை ஏற்றம், மைலேஜ் குறையும். குறைந்துவிட்டுப் போகட்டும்.

உன் அம்மாவிடம் இனி வீட்டிலிருந்தே பேசு என்றேன். மொதல்ல நீங்க பேசுங்க, அதுக்கப்புறம் நான் பேசுதேன் என்று சொல்லிவிட்டாள். அவளுக்குப் பிடிவாதம் உண்டு என்று நாற்பது வருஷம் கழித்துக் கண்டுபிடித்திருக்கிறேன். போனில் உன் நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். மூன்று வாரமாக முயற்சி செய்கிறேன் விழி. வீட்டில் அவள் பார்க்கிறாள் என்று கூச்சம், அதனால் நானும் அதே குளத்தங்கரைக்குப் போய், கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு உட்காருவேன். உன் பெயரைப் பார்ப்பேன். எடுத்ததும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கல்யாணத்துக்கு வராதவன் என்று சொல்லவா, பேத்தி பிறந்ததற்கு ஒரு வார்த்தை அனுப்பாதவன் என்று சொல்லவா. ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்துவிடுவேன். நேற்று டேங்க் நிரப்பினேன், கணக்குப் போட்டு டைரியில் எழுதி வைத்தேன். அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டே முக்கால். இந்தத் தடவ யாரு களவாண்டா என்று கேட்டாள். நான்தான் என்றேன். அதற்குப் பிறகுதான் இந்தத் தாளை எடுத்து உட்கார்ந்தேன்.

அங்கே குளிர் காலத்தில் டயரில் காற்று இறங்கும், மாதம் ஒரு தடவை பார்க்கச் சொல் மாப்பிள்ளையிடம். குழந்தையை ஈரத்தலையோடு வெளியே கொண்டு போகாதே. நீ நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் ஒற்றுமையாக, நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இருங்கள், உங்கள் வாசலில் குறை என்று ஒன்று வந்து நிற்காமல் போகட்டும்.

இதை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். உன் கைக்குச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும், அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை இங்கே பதினோரு மணிக்கு நானே கூப்பிடுவேன். காரிலிருந்து இல்லை, நம் முன்னறையிலிருந்து, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மறக்காமல் எடு. எடுத்த பிறகு என் பக்கம் சத்தம் ஒன்றும் வராவிட்டால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே, நான் அங்கேதான் இருப்பேன். ஆச்சிக்குச் சுவரும் கதவும் வைத்த ஒரு வீடு இருக்கிறது என்று அருவியிடம் சொல்லி வை.

இப்படிக்கு,
உன் அப்பா
தில்லைநாயகம்