அம்மா சொன்னது என் காதில் விழவில்லை

புதுப்பட்டினம்
7-11-1956, இரவு

அன்புள்ள சின்னம்மாவுக்கு, சல்மாவின் சலாம்.

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் வீட்டில் சிச்சாவுக்கும் வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். கார்டில் எழுதினால் தபால்காரர் அப்பாசாமி டீக்கடையில் உட்கார்ந்து படித்துவிடுவார். அதனால் என்னோடு படிக்கும் பர்வதத்திடம் சொல்லிக் கவர் வாங்கினேன். காலையில் அவளே தபாலில் போடுவாள். அத்தா கூடத்தில் படுத்திருக்கிறார்கள். நான் சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, விளக்குத் திரியை இறக்கி வைத்து எழுதுகிறேன்.

இங்கே இரண்டு நாளாக மழை. கடற்காற்றில் துணி எதுவும் காயவில்லை. அம்மாவின் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குச் சோறாக்க நீங்கள் கொண்டுவந்த தேக்சாவைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி பானுவைச் செங்கல்பட்டுக்கு உங்கள் வீட்டுக்குக் கூட்டி வரும்போது அத்தா எடுத்து வருவார்கள்.

பானுவைப் பற்றித்தான் எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியாமல் தேக்சாவைப் பற்றி எழுதுகிறேன்.

அம்மா மவுத்தாவதற்கு முந்தின ராத்திரி நான்தான் பக்கத்தில் இருந்தேன். மறுநாள் எனக்குக் கணக்குப் பரீட்சை. புத்தகம் மடியில் விரிந்திருந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என் கண் புத்தகத்தில் இருந்தது. மனசு மறுநாள் காலையில் இருந்தது. நான் மூன்று தடவை “சரிம்மா” என்றேன். கடைசியில் “மறந்துடாத, சல்மா” என்றது மட்டும் காதில் விழுந்தது. எதை என்று கேட்க நிமிர்ந்தபோது கண்ணை மூடிவிட்டார்கள். தூங்கட்டும், காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று அடுத்த கணக்கைப் போட்டேன். காலையில் கேட்க அம்மா இல்லை.

அம்மாவின் மய்யித்தை எடுப்பதற்கு முன் அத்தா எல்லார் முன்னாலும் கேட்டார்கள். “கடைசியா உங்கிட்டதான பேசிகினு இருந்திச்சி. இன்னா சொல்லிச்சி?” எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பானு உங்கள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டேன், பானுவைச் சின்னம்மா வளர்க்கட்டும் என்று அம்மா சொன்னார்கள் என்று.

அது பொய், சின்னம்மா.

மவுத்தானவர்கள் கடைசியாகச் சொன்ன வசிய்யத்து, அதை மீறக் கூடாது என்று அத்தா அன்றே முடிவு செய்துவிட்டார்கள். நீங்கள் பானுவை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். போகும்போது பாவாடைக்கு அளவெடுத்துக்கொண்டு போனீர்கள்.

அம்மா போனபிறகு இந்த வீட்டில் பகலெல்லாம் பானுவின் குரல் ஒன்றுதான். முன்பெல்லாம் அவள் பேசினால் “ம்” போட்டுக்கொண்டே பாடம் படிப்பேன். இப்போது புத்தகத்தை மூடிவிடுகிறேன். நேற்று ஒரு நண்டு பொந்துக்குள் போன கதையைச் சொன்னாள். உள்ளே போனது, வெளியே வந்தது, மறுபடி போனது. “அதோட அம்மா உள்ள கீது அக்கா, அதான் போயி போயி பாக்குது” என்றாள். கடைசி வரைக்கும் கேட்டேன். அதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று அத்தா திட்டினார்கள். அவள் மேல் வைத்திருந்தேன் என்று சொல்லவில்லை.

எல்லா நேரமும் முடிகிறது என்று சொல்ல மாட்டேன். தொழும்போது இன்னும் மனசு ஓடுகிறது. இன்று இஷாத் தொழுகையில் மூன்று ரக்அத்தா நான்கா என்று மறந்துபோனது. அப்படி மறந்தால் கடைசியில் இரண்டு சஜ்தா சேர்த்துச் செய்தால் போதும் என்று அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். செய்தேன். ஒருவர் சொன்னதைக் கேட்காமல் விட்டதற்கு அந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா, சின்னம்மா? யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

நானே அத்தாவிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். தினமும் சோறு போடும்போது வாயைத் திறக்கிறேன், குழம்பு வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குத் தைரியம் வராவிட்டால், பானு சல்மாவிடமே இருக்கட்டும் என்று நீங்கள் அத்தாவிடம் சொல்லுங்கள். உங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறேன். அந்தப் பாவாடையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பெருநாளைக்கு நானே அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, உங்கள் வீட்டிலேயே உடுத்திவிடுகிறேன். அல்லாஹ் உங்கள் மடியை

கதவைத் தட்டுகிற சத்தம். அத்தா என்று நினைத்து விளக்கை அணைக்கப் போனேன். பானுதான். “அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்கிறாள். இதை முடித்துவிட்டுத் திறந்தால் சொல்ல வந்ததை