சிவப்பு எண்ணெய்

பெய்-ருங்,

சர்க்கரைவள்ளிக் கஞ்சி குக்கரில் சூடாக இருக்கிறது. உன் தங்கை தன் காரை எடுக்க வருவாள். புது டப்பா உடைத்து பிரேக் ஆயில் மாற்றிவிட்டேன். அலமாரியில் உள்ள சிவப்பு எண்ணெய் ஸ்டீயரிங்குக்கு மட்டும்; அதை அவள் தொட விடாதே.

"பிரேக் ஆயில் மூடியத் திறந்து எத்தன தடவதான் மோந்து பாப்பீங்க? பைத்தியமா?" என்று நேற்று கேட்டாய். கத்திவிட்டேன். பதில் இதுதான்.

ஆறு வருஷத்துக்கு முன் உன் அண்ணன் குவோ-துங் அவசரமாக வந்தபோது நம் மெக்கானிக் கடையில் பிரேக் ஆயில் தீர்ந்திருந்தது. "எல்லாம் எண்ணெய்தானே மாப்பிள்ள, இருக்கறத ஊத்துங்க" என்றான். சிவப்பை ஊற்றினேன். உள்ளே ரப்பர் ஊறி உப்பிவிடும் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு நாள் தாங்கும் என்று நினைத்தேன். ஊஷே மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. அவன் உயிரோடு திரும்பவில்லை.

குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊர் சொன்னது. நானும் தலையாட்டினேன். இன்றும் எந்த வண்டியில் பிரேக்கை மிதித்தாலும் என் காலுக்கடியில் அவன் கால் இருக்கிறது.

உன் அம்மாவிடம் சொல்லப் போகிறேன்.

சுன்-லியாங்

பி.கு.: உன்னை எழுப்பிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு அவன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை, பெய்-ருங்.