காளியப்பனுக்கு வக்கீல் வைத்தேன், ஐயா

என் பிரியமுள்ள ஐயா,

நீங்கள் கண்மூடி இரண்டு வருஷமாகிறது. வீட்டில் நடப்பதை உங்களுக்குச் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. மலாக்காவில் பாதிப்பேருக்கு இந்தச் சங்கதி தெரியும். மீதிப்பேர் அரைகுறையாகக் கேள்விப்படுவதைவிட என் வாயாலேயே கேட்கட்டும் என்றுதான் பத்திரிகையிலும் போடச் சொல்லியிருக்கிறேன்.

தஞ்சோங் கிளிங்கில் ஒரு கலியாணம். சாயங்காலம் திரும்பும்போது உங்கள் மகன் இராசன் நன்றாகக் குடித்திருந்தான். "சின்னையா, எறங்குங்க, நான் ஓட்டுறேன்" என்று டிரைவர் காளியப்பன் மூன்று தரம் கேட்டார். "நீ உன்ர வேலையைப் பார்" என்று இவன் ஓட்டினான். காளியப்பன் பக்கத்தில், நான் பின்சீட்டில். கடற்கரை ரோட்டு வளைவில் கார் ஒரு மீன்கடையைச் சாய்த்துக்கொண்டு சாக்கடைக் கானுக்குள் இறங்கியது. கடைக்கார மலாய்க்காரர் அப்போதுதான் தொழப் போயிருந்தார். இல்லாவிட்டால் நான் இப்போது வேறு கடிதமல்லவா எழுதிக்கொண்டிருப்பேன்?

காரில் இருந்த பிராந்திப் போத்தல் உடைந்து காளியப்பனின் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. நெற்றியிலும் அவருக்கு நல்ல அடி. பின்னால் வந்த காரிலிருந்து சித்தப்பா இறங்கி, முதல் வேலையாக இராசனைத் தன் காரில் ஏற்றினார். பிறகு காளியப்பனிடம், "நீதான் ஓட்டினனீ எண்டு சொல்லு. சின்ன அபராதத்தோட போயிடும். அவனுக்குக் கவர்மெண்ட் உத்தியோகம், விளங்குதோ?" என்றார்.

காளியப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சேலையில் சிதறியிருந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன், ஐயா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாய்மை என்று பாடம் நடத்துகிறவள் அந்தக் கால்மணி நேரம் எங்கே போயிருந்தாள்?

போலீஸ் மாத்தா வந்தார். "நான்தான் ஓட்டினேன்" என்று காளியப்பன் சொல்லிவிட்டார். மாத்தா அவர் சட்டையை முகர்ந்தார். அடிபட்ட மயக்கத்தில் அவர் தடுமாறியதையும் எழுதிக்கொண்டார். சித்தப்பா கணக்குப் போட்டது போல இல்லை. குடித்துவிட்டுக் கார் ஓட்டினார் என்று வழக்கு. ஜெயிலும் கிடைக்கலாம், லைசென்ஸ் போவது நிச்சயம். ஒரு சொட்டுக் கள்ளைக்கூடத் தொடாத மனிதர்மேல்.

மறுநாள் நம் வீட்டுக் கூடத்தில் உறவுகள் கூடினார்கள்.

"இருபத்தாறு வருஷம் அந்தக் கோர்ட்டில துவிபாஷியா நிண்ட மனுசன்ர மகன் குற்றவாளிக் கூண்டில ஏறுறதோ? அண்ணையின்ர பேர் என்னாகும், பிள்ளை?" என்றார் சித்தப்பா.

"காளியப்பன் ஏறலாமோ?"

"அவனுக்கு வேற வேலை பாத்துக் குடுப்பம். பூந்தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தட்டும்."

இராசன் தலை நிமிராமல் சாப்பிட்டான்.

நான் காளியப்பன் வீட்டுக்கு, புக்கிட் ரம்பாய்க்கு ரிக்‌ஷா பிடித்துப் போனேன். காளியப்பன் கட்டுப் போட்ட நெற்றியோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி செல்லம்மாதான் பேசினாள். "இவருக்கு லைசென்சு வந்தப்பறம்தாம்மா நான் ரப்பர் பால்வாளிய எறக்கி வச்சேன். மறுபடியும் தூக்கணும்னா தூக்குறேன். குடிகாரன் பொண்டாட்டின்னு சொல்வாங்களே, அதை எங்கம்மா எறக்கி வைக்கிறது?"

"சும்மா இரு புள்ள. பெரியவரு உப்பத் தின்னவன் நான்."

"பெரியவர் உங்களிடம் எப்போதாவது பொய் சொல்லும்படி கேட்டிருக்கிறாரா?" என்றேன்.

அவர் யோசித்தார். "இல்லீங்கம்மா. மெதுவா போ, மெதுவா போன்னு மட்டுந்தான் கேப்பாரு. அதைத்தான் நான் கேட்டதில்ல" என்றார். செல்லம்மா அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள்.

உங்களை அறிந்த வக்கீல் ஒருவரிடம் அவரை அழைத்துப் போனேன். காளியப்பன் உட்காரவே இல்லை. "உக்காருப்பா, நீ நின்னா நானும்ல நிக்கணும்" என்றார் வக்கீல். எல்லாம் கேட்டு எழுதியபின் பேனாவைக் கீழே வைத்தார்.

"டீச்சர், இவருக்காக நான் நின்னா உங்க தம்பிக்காக நிக்க முடியாது. உங்களைச் சாட்சிக் கூண்டுல ஏத்துவேன். தம்பி பேரை உங்க வாயாலதான் சொல்லவைப்பேன். யோசிச்சிட்டு நாளைக்கு வாங்களேன்."

"யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். இவருக்காக நில்லுங்கள்" என்றேன்.

என்னைச் சென்னைக்குக் காலேஜுக்கு அனுப்பியபோது, படித்த பெண் எதிர்த்துப் பேசுவாள் என்று உறவெல்லாம் உங்களை எச்சரித்தார்களே, அது பலிக்க இத்தனை வருஷமாயிற்று.

அன்று மாலையே இராசனிடம் சொன்னேன். வழக்குக்கு ஆறு நாள் இருக்குது, அதுக்குள்ள நீயே போய்ச் சொல்லு, இல்லாட்டி நான் சொல்லுவன் என்று.

"நீ எனக்கு அக்காவோ?"

"அக்கா எண்டபடியாத்தான் முன்னமே சொல்லுறன்."

ஐந்தாம் நாள் காலையில் தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு தானே ஸ்டேஷனுக்கு நடந்துபோனான். யாரும் கூடப் போகவில்லை. என்னையும் வரவேண்டாம் என்றுவிட்டான்.

காளியப்பன்மேல் இருந்த வழக்கைத் தள்ளிவிட்டார்கள். போலீசிடம் பொய் சொன்னதற்கு மாஜிஸ்திரேட் அவரைக் கண்டித்தார். அந்தக் கண்டிப்பு எங்களுக்கு உரியது. அதையும் அவரே நின்று வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார். "இனிமே உங்க வண்டிய ஓட்டமாட்டேம்மா. கோவமில்ல. ஆனா அன்னிக்கி நான் உங்களப் பாத்தேன், நீங்க பாக்கல. அது மனசுல நிக்குது." இப்போது அவர் அலோர் காஜா ரோட்டில் பஸ் ஓட்டுகிறார். ரோட்டில் கண்டால் ஹார்ன் அடிக்கிறார். அவ்வளவுதான். அவ்வளவாவது இருக்கிறதே.

இராசனை உத்தியோகத்திலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மீன்கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டு, கடையை எழுப்பிக் கொடுத்திருக்கிறான். அவனுக்கும் நான்தான் வக்கீல் தேடினேன், சிரம்பானிலிருந்து. வந்தவர் எடுத்த எடுப்பில், "பிராந்தி நாத்தம் டிரைவர் சட்டையிலதானே இருந்துச்சு? உங்க தம்பி குடிச்சதுக்கு என்ன சாட்சி?" என்று கேட்டார்.

"நான் சாட்சி" என்றேன்.

அவர் என்னையும் இராசனையும் மாறி மாறிப் பார்த்தார். இராசன்தான் பதில் சொன்னான்: "குடிச்சனான் எண்டே சொல்லுங்கோ. தண்டனையைக் குறைக்க மட்டும் கேளுங்கோ."

உங்கள் மகன் பேசியதில் இவ்வளவு தெளிவான வார்த்தையை நான் வெகுகாலமாகக் கேட்டதில்லை, ஐயா. உங்களுக்குக் கேட்டதா?

வருகிற செவ்வாய்க்கிழமை அவன் முறை. சித்தப்பா வரமாட்டாராம். கோர்ட்டில் அவன் பேரோடு உங்கள் பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும். நான் முன்வரிசையில், அவன் திரும்பினால் தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருப்பேன். அவனை ஜெயிலுக்கு அனுப்பினால் பார்க்க விடுகிற நாளெல்லாம் போவேன். வெளியே வருகிற அன்று கூட்டி வருவேன். அவனுக்காக எதையும் செய்வேன், ஒரு பொய்யைத் தவிர. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் மூத்த மகளும்,
இராசனுக்கு என்றைக்கும் அக்காவுமான
மங்கையர்க்கரசி