தனிப் பீங்கான்

18 ஜூன் 2018
புத்தளத்தில் கிளினிக் முடித்துக் கற்பிட்டிக்கு வந்து சேர அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. மருந்து போடுவதால் என் இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி தெரியவே இல்லை என்றார் டொக்டர். எட்டு வருடமாக இதே பதில்தான். "உங்களுக்கு ஒரு குறையும் இல்ல" என்று நர்ஸ் மிஸ்ஸி பைலை மூடினா. முழங்கால் குத்து, விடியும்வரை வராத தூக்கம் — இதெல்லாம் எந்தப் படிவத்தில் இருக்கிறது? பக்கத்தில் மனுசர் வந்து உட்காருகிறார்களா என்று ஏன் ஒருத்தரும் கேட்பதில்லை?

27 ஜூன்
தங்கச்சி றஹ்மா கோல் எடுத்தாள். ஞாயிறு அவள் மகள் றிஸ்லாவின் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பற்றிக் கதைப்பார்களாம். "ராத்தா, எல்லாரோடயும் சஹன்ல உக்காராதீங்க. அறைக்குள்ள தனிப் பீங்கான்ல சோறு தாறன். மனசுல வெக்காதீங்க."

மனசில் வைக்காமல் எங்கே வைப்பது? கலியாணச் சட்டை முழுக்க முத்துத் தைத்தது இந்தக் கைதான். அந்தச் சட்டை வேண்டும். கை மட்டும் சோற்றுக்குள் போகக் கூடாது. சாப்பாட்டால் இது தொற்றாதென்று எத்தனை தரம் சொல்லிவிட்டேன்!

வியாதியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது என் புருஷன் ஜெமீல். அவர் மௌத்தாகி அடக்கினபோது ஊரே கூடி துஆக் கேட்டது. எனக்குப் பீங்கான்.

1 ஜூலை
போனேன். அறைக்குள் போகவில்லை. பெண்கள் பக்கம் விரித்த பாயில் ஒரு சஹன் முன்னால் உட்கார்ந்தேன். ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கை போட்டுச் சாப்பிட வேண்டியது. வந்தவர்கள் என்னைக் கண்டதும் அடுத்த சஹனுக்குப் போனார்கள். அங்கே எட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு. இங்கே ஆறு பேரின் சோற்றுக்கு நான் ஒருத்தி. ரெண்டு வாய். மூணாவது எறங்கல்ல. என்னத்துக்கு உடுத்திக்கிட்டுப் போனன்? என்னத்துக்கு?

2 ஜூலை
மருந்துக் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன். பிறகு போட்டேன். இவர்களுக்காக நான் சாக மாட்டேன்.

19 ஆகஸ்ட்
ஹஜ்ஜுப் பெருநாள் பகல் சாப்பாடு என் வீட்டில் என்று றஹ்மாவுக்கும் றிஸ்லாவுக்கும் சொல்லிவிட்டேன். வந்தால் வரட்டும்.

22 ஆகஸ்ட்
வந்தார்கள். பாய் விரித்து நடுவில் ஒரே சஹன் வைத்தேன்; சோற்றின் மேல் எல்லோரும் முதலில் எடுக்கும் ஈரல் பொரியல். றிஸ்லா உடனே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "பெரியும்மா, அண்டைக்குக் கலியாண வீட்டுல நடந்தத எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல," என்றாள். றஹ்மா நின்றபடியே, "எனக்கு ஒரு பீங்கான்ல போட்டுத் தாங்களேன், ராத்தா" என்றாள்.

"இந்த வீட்டுல ஒருத்தருக்கும் தனிப் பீங்கான் வெக்கிறல்ல," என்றேன்.

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று றஹ்மா கிணற்றடிக்குப் போனாள். வெகுநேரம் நின்றாள். தண்ணீர் அள்ளும் சத்தம்கூட இல்லை.

"உம்மா வரும்வரைக்கும் இருப்பமா?" என்று கேட்டாள் றிஸ்லா.

"நீ தின்னு மகள்," என்றேன். எனக்குப் பசி.

றஹ்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கை போட்டபோது ஈரல் முடிந்திருந்தது.