மழை ரோட்டில் சிந்திய அரிசி

என் தங்கச்சி வதனாவுக்கு,

நாம் குடியேறிய வெரிபீயில் இந்த வாரம் முதல் மழை விழுந்தது. கோடை முழுக்க ரோட்டில் படிந்திருந்த எண்ணெயும் தூசியும் ஈரத்தில் எழும்பி ஒரு மினுக்கம் காட்டுமே, அதைப் பார்த்ததும் வேலைக்குப் புறப்பட்ட நான் காரைத் திருப்பிக்கொண்டு போய் வீட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறினேன். மழை என்றால் இப்போது எனக்கு ரயில்தான்.

உன் தெருவுக்குப் புதிதாக யாரோ குடிவந்திருக்கிறார்கள். அவர்களிடமும் உன்னுடையதைப் போல ஒரு பழைய அமெரிக்க வி-எட்டு கார், எட்டு சிலிண்டர் உறுமல். அது முனையில் திரும்பும்போதே உன் வீட்டு ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிரும். உன் மகள் ஆரணி படிப்பதை விட்டு எழும்பி ஜன்னலடிக்குப் போவாள். மச்சான் டீவியின் சத்தத்தைக் கூட்டுவார். அங்கே வந்திருக்கும் நான் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன். கார் கடந்து போகும். அவள் திரும்பி வந்து புத்தகத்தை எடுப்பாள். இதைப் பற்றி நாங்கள் மூவரும் இதுவரை ஒரு சொல் பேசியதில்லை. நீ வாறாய் என்று ஒரு கணம் அவர்களுக்கும் தோன்றுகிறதா, எனக்கு மட்டும்தானா?

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன்னைப் பற்றி நம் சனம் பேசியதெல்லாம் நாலு பேர் நடுவில் பேசியது. அதற்கான பதிலும் நாலு பேருக்குக் கேட்கட்டும்.

உனக்கு அந்தக் கார் மேல் ஏன் அவ்வளவு பைத்தியம் என்று எனக்குக் கடைசி வரை விளங்கவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிற நேர்ஸ் நீ. வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பொனட்டைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்பாய். நம் இருவரையும் விட வயது கூடிய கார் அது. சறுக்கினால் பிடித்து நிறுத்துகிற கம்ப்யூட்டர் எதுவும் அதில் இல்லை. "அது பொய் சொல்லாது அண்ணா. நான் என்ன செய்யிறனோ அதைத்தான் அதுவும் செய்யும்" என்பாய்.

மழைக்கு நீ பயந்தாய். அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை. மழை வரும் என்று செய்தியில் சொன்னால் முதல் நாளே கடைக்குப் போய்ப் பெரிய அரிசி மூட்டைகளை வாங்கி டிக்கியில் அடுக்குவாய். சமைக்கவா என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். "எஞ்சின்ர பாரம் முழுக்க முன்னுக்கு இருக்கு. தள்ளுறது பின் சில்லு. நனைஞ்ச ரோட்டில பின்னுக்குப் பாரம் இல்லாட்டி வால் இழுத்துக்கொண்டு போயிடும், அண்ணா." மழைக்காலம் முடிந்ததும் அந்த அரிசியைத்தான் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம்.

போன வருடம் அந்த ஏப்ரல் மத்தியானம் நீ வேலைக்குப் போகப் புறப்பட்டாய். முதல் மழை. உங்கள் குடியிருப்புக்கு வெளியே இருக்கும் வட்டச் சந்தியில், அந்த ரவுண்டபவுட்டில், கார் சுழன்று போய், டிரைவர் பக்கக் கதவு விளக்குக் கம்பத்தில் மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே நீ போய்விட்டாய். வேறு வாகனம் எதுவும் இடிக்கவில்லை, ஈர ரோட்டுக்குப் பொருந்தாத வேகம் காரணமாக இருக்கலாம் என்று போலீஸ் சொன்னது. இருக்கலாம் என்ற சொல் செத்தவீட்டுக்கு வந்து சேர்வதற்குள் உதிர்ந்துவிட்டது. பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இப்படியொரு கார் என்று அன்ரிமார் என் காதுபடவே பேசினார்கள். ரோட்டில் வேகம் காட்டித் திரிகிறவர்களை இங்கே ஹூன் என்பார்கள். ஆரணியின் பள்ளிக்கூடத்தில் யாரோ அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் குசினியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே என்னைக் கேட்டாள்: "மாமா, அம்மா ஒரு ஹூனா?"

இல்லை என்றேன். ஆனால் எனக்கே தெரியாத ஒன்றை அல்லவா சொன்னேன்? நீ மூட்டை அடுக்கினாயா, அன்றைக்கு அவசரத்தில் மறந்துவிட்டாயா? கடைசியில் உன் கால் எங்கே இருந்தது? சாப்பிடும்போதும் வேலையில் கூட்டங்களில் இருக்கும்போதும் என் வலது கால் தானாக அசையும். நீ மிதித்ததை நான் மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு பயிற்சிக்குப் போனேன். தார்த் திடலில் தண்ணீர் விட்டு நனைத்து, வேண்டுமென்றே காரைச் சறுக்க வைத்துப் பழக்குகிறார்கள். பின்சில்லு தள்ளுகிற பழைய வி-எட்டுதான் வேண்டும் என்று கேட்டேன். சொல்லித்தந்த பெண் ஏன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் சாவியைத் தந்தாள். பள்ளிக்கூட வாசலைக் கடக்கிற வேகத்தில்தான் போனேன், வதனா. வளைவில் ஆக்சிலரேட்டரில் கால் கொஞ்சம் கூடுதலாக அழுந்தியது. பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு வந்தது. திடல், வேலி, வானம் எல்லாம் பக்கவாட்டில் ஓடின. நின்றபோது வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் இன்னொன்றையும் காட்டினாள். மிதித்தால் மட்டும் இல்லை, வளைவின் நடுவில் திடுக்கிட்டுக் காலை எடுத்தாலும் இதேதான் நடக்கும். காலை எடுத்துப் பார்த்தேன். கார் சுழன்றது.

கார் சுழல வேகம் தேவையில்லை என்று தெரிந்தது. ஆனால் நீ ஏன் திடுக்கிட வேண்டும்?

உன் முதல் நினைவு நாளன்று, த பேசின் என்ற ஊரில் இருக்கும் விநாயகர் கோயிலுக்குத் தனியாகப் போனேன். வெரிபீயில் இன்னும் மழை இல்லை, ஆனால் அந்த மலையடியில் தூறிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் மோட்ச விளக்கு ஏற்ற வேண்டும் என்று ஐயரிடம் சொன்னார். யாருடைய பெயருக்கு என்று ஐயர் கேட்டார். "வதனா" என்றார் அவர். பேச்சில் நம் ஊர் ஆள் இல்லை, தமிழ்நாட்டுக்காரர், முப்பது வயது சொல்லலாம். வேறு யாரோ வதனா என்றுதான் நினைத்தேன். ஆனால் எந்த வதனா என்று கேட்காமல் என்னால் போக முடியவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன். "வெரிபீல ஆக்சிடென்ட்ல போனாங்க" என்றார். நான் அவவின் அண்ணன் என்றேன். அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அவர் பெயர் பிரபு. கார் நிறுத்தும் இடத்தில், தூறலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இந்த நாட்டுக்கு வந்து கொஞ்சக் காலம்தானாம் ஆகியிருந்தது. பின்சீட்டில் கைக்குழந்தை அழுததாம். திரும்பிப் பார்த்தபடியே, வழிவிடாமல் ரவுண்டபவுட்டுக்குள் காரை விட்டுவிட்டாராம். நீ ஏற்கனவே உள்ளே வந்துகொண்டிருந்தாய்.

என் வாயில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது. "வேகமா வந்தவவோ?"

"இல்லீங்க. மெதுவாத்தான் வந்தாங்க. என்னைப் பாத்ததும் ஒதுங்கப் பாத்தாங்க. கார் அப்படியே சுத்திடுச்சு."

உன் டிக்கி வாய் பிளந்து கிடந்ததாம். ரோடு முழுக்க வெள்ளையாகக் கிடந்ததைக் கண்ணாடித் துண்டுகள் என்று நினைத்தாராம். காலில் மிதிபட்டபோதுதான் அரிசி என்று தெரிந்ததாம். வதனா, நீ அடுக்கியிருந்தாய். அந்த இடத்திலேயே நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஈரம் என்றும் பார்க்கவில்லை.

முருகா என்று கத்திக்கொண்டு அவர் உன்னிடம் ஓடிவந்திருக்கிறார். தமிழ் கேட்டதும் நீ கண்ணைத் திறந்தாயாம். பெயரைக் கேட்டபோது சொன்னாயாம். அதற்குப் பிறகு நீ சொன்னதை அவர் என்னிடம் நம் பேச்சிலேயே சொன்னார், ஒரு எழுத்தும் மாற்றாமல். எத்தனை தரம் தனக்குள்ளே சொல்லிப் பார்த்திருப்பார்?

"தம்பி, உங்கட பிள்ளை கார்க்குள்ள இருக்கு. தூக்கிக்கொண்டு அங்கால போங்கோ. ஆரும் வந்து இடிச்சிடுவினம்."

அவர் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது உனக்கு நினைவில்லை. போலீஸிடம், உனக்குப் பின்னால் வந்ததாகச் சொல்லிவிட்டார். "இங்க நிரந்தரமா தங்குற பி.ஆர். இன்னும் வரல சார். திருப்பி அனுப்பிருவாங்கன்னு பயந்துட்டேன்." நான் அடிக்க வேண்டும் என்று காத்திருப்பவரைப் போல நின்றார். எனக்குக் கை எழவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, அதுவும் வரவில்லை. இதை என் மச்சானிடமும் மருமகளிடமும் வந்து சொல்லும், பிறகு போலீஸிலும் சொல்லும் என்றேன். தலையாட்டினார். வருவார் என்று நான் நம்பவில்லை.

அடுத்த ஞாயிறு மனைவியோடும் பிள்ளையோடும் உன் வீட்டு வாசலில் வந்து நின்றார். மச்சான் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்ததும் எழும்பிப் பின்வளவுக்குப் போனார். அவர் திரும்பி வரும்வரை பிரபுவின் பிள்ளை மேசைக்கும் கதிரைக்கும் நடுவில் நடந்து திரிந்தது. மச்சான் வந்து நின்றபடியே சொன்னார்: "அவ வேகமா வரேல்லயெண்டு நீர் அண்டைக்கே சொல்லியிருக்கலாம். என்ர பிள்ளை தன்ர தாயைப் பற்றி என்ன கேட்டவள் எண்டு உமக்குத் தெரியுமோ?" பிரபுவின் மனைவி முகத்தை மூடி அழுதாள்.

ஆரணி எப்போதும் போல இங்கிலீஷில்தான் கேட்டாள். உங்களைப் பார்த்துத்தான் அம்மா ஒதுங்கினாவா என்று. ஆமாம் என்றார் பிரபு. அவள் அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தமிழில், பிள்ளைக்குப் பால் வேணுமோ என்று அதன் தாயிடம் கேட்டாள். எனக்கு அந்த அறையில் நிற்க முடியாமல் போய்விட்டது. குரல் உன்னுடையது.

பிரபு போலீஸுக்குப் போனார். நானும் கூடப் போனேன். முதலில் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தார். இனி என்ன நடக்கும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. வழக்கு வரலாம். அவர் பயந்தபடியே திருப்பி அனுப்பவும் செய்யலாம். மச்சானுக்கு அவர் பெயர் காதில் விழக் கூடாது. அதில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. நானோ சில நாள் அவரை நினைத்துக் கொதிக்கிறேன், சில நாள் அவர் பிள்ளையை நினைத்துப் பயப்படுகிறேன். நீ என்றால் என்ன செய்வாய்? உன்னிடம் கேட்காமல் இப்படியொரு முடிவை நான் எப்போது எடுத்திருக்கிறேன்?

உண்மை தெரிந்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. முன்பு உன் கால் எங்கே இருந்தது என்று தேடினேன். இப்போது தெரிகிறது. கண்ணை மூடினால், நீ காலை எடுக்கிற அந்தக் கணம் முடியாமல் நீண்டுகொண்டே இருக்கிறது. உன் கையில் ஸ்டியரிங், எதிரே ஒரு கார், அதன் பின்சீட்டு ஜன்னலில் ஒரு பிள்ளையின் தலை. நீ அதைக் கண்டாய். வேறெதையும் யோசிக்க உனக்கு நேரம் இருந்திருக்காது.

ஆரணிக்குக் கார் ஓட்டப் பழகும் வயது வந்துவிட்டது. நல்ல வெயில் நாளாகப் பார்த்துத் தொடங்கு என்கிறார் மச்சான். அவள் மழை நாளில்தான் தொடங்குவேன் என்கிறாள், பக்கத்தில் நான் இருக்க வேண்டுமாம். எனக்குப் பயம்தான். இருப்பேன்.

வழக்கு வந்தால் கோர்ட்டுக்கும் போவேன். என்னைக் கேட்டால் எழுந்து நிற்பேன். என் தங்கச்சி வேகமாக வரவில்லை என்று சொல்வேன். உன் கடைசிச் சொல்லை நீ சொன்னபடியே சொல்வேன். யாரும் பிடித்து வராமல் அந்த மனிதர் தானாக வந்து உண்மையைச் சொன்னார் என்பதையும் சொல்வேன். அதைச் சொல்லும்போது என் குரல் இடறும். இடறினாலும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்காருவேன், வதனா.

என்றைக்கும் உன் கூடப்பிறந்த,
அண்ணா