தண்ணீரில் வைக்காத ரோஜா

என் செல்லத்துக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தபோது, சமையல் மேடையில் ரோஜாக் கொத்து சுற்றிய காகிதத்தோடு வாடிக் கிடந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். "பூக்கடைக்காரி பொண்ணு செய்யிற வேலையா இது? காம்பச் சாய்ச்சு வெட்டு, தண்ணியில படுற இலையக் கிள்ளு, தினமும் தண்ணிய மாத்துன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

நீ அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாய். கேட்டதற்குச் சளி என்றாய். நம்பினேன்.

அந்தக் கொத்தைக் கட்டியவளே நான்தானே. "அத்தை, நல்லா பெருசா கட்டுங்க" என்று உன் வீட்டுக்காரர் வந்து நின்றால் எனக்குத் தலைகால் புரியாது. "மாப்பிள்ளைக்கு என் பொண்ணு மேல உசுரு" என்று பக்கத்துக் கடைத் தையல்காரியிடம் பீற்றிக்கொள்வேன். "எங்க வீட்டுக்காரர் காலிஃப்ளவர்கூட வாங்கினதில்ல" என்பாள் அவள்.

முதலில் மாதம் ஒருமுறை வந்தார். இப்போது வாரம் இரண்டுமுறை.

இன்று கடை திறக்கும் முன்பே வந்துவிட்டார். வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

"பூ இல்ல" என்றேன்.

"வாளி நிறைய இருக்கே, அத்தை."

"உங்களுக்கு இல்ல."

போனில் பேசினால் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் வேலைக்குப் போனதும் தையல்காரி இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவாள். போட்ட துணியோடு அவளுடன் கிளம்பி வந்துவிடு.

அன்றைக்குத் திட்டியதை மறந்துவிடு. தண்ணீரில் வைக்காமல் விட்டாயே, அதுதான் சரி.

இத்தனை கொத்தையும் தன் கையால் கட்டிக் கொடுத்த,
உன் அம்மா